முதுகுப்புறம்

திபிலிசியில், மூடிப்போன தையல் ஆலை ஒன்றில்
நான்கு நாள் புகைப்படச் சந்தை.
பேச்சு முடிந்ததும் கை தூக்குபவரிடம்
மைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை.
நாளுக்கு அறுபது லாரி, மதியம் சீஸ் ரொட்டி,
கழுத்தில் என் பெயரைத் தப்பாக அச்சிட்ட அட்டை.
எத்தேரி நான். அட்டையில் எத்தெரா.

படங்களை நான் பார்க்கவில்லை.
திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
முகங்கள்தாம் எனக்குக் கிடைத்தவை:
நீலமாகி, மஞ்சளாகி,
பனிமலை ஏதோ வந்திருக்கும் போல,
நூற்றிருபது பேரும் ஒரே நொடியில் நரைத்தார்கள்.

முதல் நாள், மூன்றாம் வரிசை.
பழுப்புக் கோட்டு, நகவெட்டு படாத கை.
ஓத்தியா என்று பெயர். பின்னால் தெரிந்துகொண்டேன்.
மைக்கைக் கடிக்கப்போகிறவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு:
“இந்தப் படம் எடுத்தபோது
உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது?”

லாத்வியாவின் இல்ஸே
உறைந்த ஏரிகளை மட்டுமே எடுப்பவர்.
ஒன்றரை மணி நேரம் தனிமையைப் பற்றிப் பேசியிருந்தார்.
“கார்,” என்றார். “எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
உள்ளே என் கணவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.”
அரங்கம் சிரித்தது. ஓத்தியா சிரிக்கவில்லை.
சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்,
ஒரே சொல். கார் என்றுதான் இருக்கும்.

மறுநாள் மின்தியா.
சுவர் விழுந்த வீடு, ஆணியில் இன்னும் ஒரு சட்டை.
அந்தத் தெருவில் தான் மட்டும் இருந்ததுபோல
அவர் குரல் தாழ்ந்து தாழ்ந்து போயிற்று.
அதே கை. அதே கேள்வி.
மின்தியா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.
“பதினோரு பேர். எல்லார் கையிலும் கேமரா.
என் தலை மறைக்கிறது, குனி என்று
ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.”

கல்யாண ஸ்டுடியோக்காரி பெரிதே சொன்னது:
மணப்பெண்ணின் அத்தைகள், சிரி சிரி என்று அதட்டியபடி.
ஒருவர் யோசித்து யோசித்து
“நினைவில்லை” என்றார். அதற்கு மட்டும்
நோட்டில் இரண்டு கோடுகள்.

மூன்றாம் மாலை காபி வரிசையில் அது கேலியாகிவிட்டது.
“உன் பின்னால் என்ன?” “கடன்காரன்.”
காபிக்காக வருகிற கிழவர் என்றாள் சீட்டுக் கிழிப்பவள்.
பேருந்து ஓட்டியவர், கண்ணாடிப் பழக்கம் என்றார் காவலாளி.
நான் கேட்கவில்லை.

கடைசிப் பேச்சு லிலேயுடையது. இருபத்தாறு வயது.
கம்பிவேலிக்கு மேலாக
ஆப்பிள் வாளியை நீட்டும் ஒரு பெண்மணி:
சந்தையின் சுவரொட்டியே அந்தப் படம்தான், அதனால் எனக்கும் தெரியும்.
லிலே தயாராக வந்திருந்தாள்.
“கேள்வி எனக்கும் எட்டியது.
அன்றைக்கே திரும்பி நின்று பின்பக்கத்தையும் எடுத்திருக்கிறேன்,” என்று
பொத்தானை அழுத்தினாள். கைதட்டல்.

ஓத்தியா கை தூக்கினார்.
ஓடினேன்.
“இதை எடுத்தபோது?”

கூரை அதிரச் சிரித்தார்கள்.
லிலேயும் சிரிக்கத் தொடங்கினாள்.
பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவளாக
மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அம்மாதான். எதையோ கேட்டார்கள்.
இரண்டு தரம் கேட்டார்கள்.
வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், எனக்கு வெளிச்சம்
போய்க்கொண்டிருந்தது, அதனால்”

அவள் மைக்கின் பேட்டரி செத்தது.
வாய் அசைந்துகொண்டே இருந்தது.
முதல் மூன்று வரிசைக்கு மட்டும் ஏதோ எட்டியிருக்கும்,
அவர்கள் சற்று முன்னால் சாய்ந்தார்கள்.
அப்போதுதான் நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.
ஒரு பசு. கதவு திறந்த வேன்.
மண்ணில் நீளமாக ஒரு நிழல், வாளியோடு.

ஓத்தியா எதையும் எழுதவில்லை.
மைக்கை என்னிடம் நீட்டினார், சூடாக இருந்தது.
காபி மீதி உண்டா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.

“எத்தெரா!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.
நாற்காலிகளை அடுக்க வேண்டும்.